நாலாவது கோர்

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பெண் பார்க்க வருகிறவர்களைப் போலத்தான் வருகிறார்கள். குடும்பத்தோடு வருவார்கள், உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துகொள்வார்கள், கேட்கக் கூடாததையெல்லாம் கேட்பார்கள். அன்றைக்குக் காந்திபுரத்துக் கடைக்கு வந்தவர் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். கூடவே மனைவி. மகளின் நாட்டிய வீடியோக்களை வெட்டி ஒட்டுவதற்கு மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும். ரெண்டு கோர் போதுமா, நாலு கோர் வேண்டுமா என்று வரும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள் போலிருந்தது.

"நாலு எதுக்குங்க? ரெண்டே போதும்னு நான் சொல்றேன். இவ கேக்க மாட்டேங்கறா," என்றார் அவர்.

கவுண்டருக்குப் பின்னால் நின்ற தரணிதரனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இருபது வருஷமாக அதே இடத்தில் நிற்கிறான். சிலிக்கான் சில்லு வைத்த கம்ப்யூட்டர் விற்ற காலத்திலும் இதையேதான் கேட்டார்கள். பிறகு சில்லு செய்கிற நாடுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கப்பல் வருவது நின்றது. சில்லுக்குப் பதிலாக மனித மூளை வந்தது. கேள்வி மட்டும் மாறவில்லை.

"டைப் அடிக்க, படம் பாக்க ரெண்டு போதுங்க," என்றான் தரணிதரன். "ஒரு கோர் ஸ்கிரீனைப் பாத்துக்கும், இன்னொண்ணு உங்க வேலையப் பாத்துக்கும். வீடியோ வெட்டறதுன்னா ஒரே நேரத்துல நாலு வேலை ஓடோணும். ரெண்டு கோர்ல மூச்சு வாங்குமுங்க."

"மூச்சு வாங்குமா?" அந்த அம்மாள் பெட்டியை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஆளுங்க இதுக்குள்ளயா இருப்பாங்க?"

"அட, இல்லீங்க. பெட்டிக்குள்ள வெறும் வயருதான். ஆளுங்க சரவணம்பட்டிக் கூடத்துல படுத்திருப்பாங்க. காத்தால ஒம்போது மணிக்குப் படுத்தா சாயங்காலம் ஆறு மணிக்கு எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருவாங்க. ராத்திரிக்கு வேற ஆளு. மனுச மூளைக்கு ஒரு குண்டு பல்பு எரியற கரண்ட் போதுமுங்க. அதனாலதான் இத்தனை சல்லிசு."

"அப்ப நாலு கோர்னா நாலு பேரு?"

"நாலு கோருங்க."

இந்தப் பதிலைக் கம்பெனிக்காரர்களே பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. நாலு கோர் என்றால் உண்மையில் இரண்டே பேர். மனித மூளை இடது பாதி, வலது பாதி என்று இரண்டாக இருக்கிறது. நடுவில் ஒரு நரம்புப் பாலம் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அந்தப் பாலத்தை மரத்துப்போக வைத்துவிட்டால் ஒரு தலைக்குள் இரண்டு பேர் தனித்தனியாக வேலை செய்வார்கள். இரண்டு ஆளை நாலாக விற்கலாம். இதை வாங்குகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே என்று கேட்காமல் இருக்கிறார்களோ என்னவோ.

பேங்க் மேனேஜர் மனைவி கேட்டது வேறு. கவுண்டர் மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எல்லாம் சைவந்தானுங்களே? இல்ல, பூஜை ரூம்புக்கு அடுத்த ரூம்புல வெக்கப் போறோம், அதனால கேட்டேன்."

"நம்ம ஆளுங்களா இருந்தா இன்னும் நல்லதுங்க," என்று கணவர் சேர்த்துக்கொண்டார். ரெண்டா நாலா என்பதில் ஒத்துப்போகாத தம்பதி இதில் ஒரே குரலாகிவிட்டார்கள்.

வாடகைக்கு வீடு விடுகிறவன் கேட்கிற கேள்வியை வாடகைக்கு மூளை எடுக்கிறவன் கேட்கிறான். இதில் இன்னும் கேவலம் என்னவென்றால், கம்பெனிக்கு அனுப்புகிற விண்ணப்பத்தில் முதல் கேள்விக்குத் தனியாக ஒரு கட்டமே அச்சடித்திருந்தது. இரண்டாவது கேள்விக்கான பதிலை ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்ப வேண்டும். தரணிதரன் கட்டத்தில் டிக் போட்டான், ஓரத்தில் பென்சிலால் எழுதினான், நாலு கோருக்குப் பில் போட்டான். அவர்கள் போன பிறகு பின்கட்டுக்குப் போய் வாய் கொப்பளித்துத் துப்பினான்.

அவன் தம்பி மௌலீஸ்வரனும் சரவணம்பட்டியில்தான் படுத்திருந்தான், நாலு கோர் வரிசையில்.

மௌலியைக் கூடத்தில் சேர்த்துவிட்டதே தரணிதரன்தான். முதல் நாலு வருஷம் ரெண்டு கோரில் ஒரு கோராக இருந்தான். சாயங்காலம் வரும்போது கண் கொஞ்சம் சிவந்திருக்கும், மற்றபடி ஆள் பழைய ஆள். அண்ணனோடு சண்டை போடுவான், மனைவி சாருமதியைக் கேலி செய்வான், கிரிக்கெட் பார்த்துக் கத்துவான். அதன் பிறகு ஒருநாள் கடைக்கே வந்து, இந்தக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏண்ணா, நாலு கோருக்கு மாறச் சொல்றாங்க. ரெண்டுலயே இருக்கட்டுமா, நாலுக்குப் போகட்டுமா?" என்று கேட்டான்.

தரணிதரன் அப்போது ஒரு பெட்டியைத் திறந்து வைத்து வயர் மாட்டிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே, "நாலுக்குப் போடா. ரெண்டு இன்னும் ஒரு வருசத்துல மார்க்கெட்லயே இருக்காது," என்றான். வாடிக்கையாளருக்குச் சொல்கிற அதே வாய், அதே தொனி. பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போலிருக்கும் அவனுக்கு.

வாடகை வீட்டுக்குப் போடுவதுபோலக் கூடத்திலும் பதினொரு மாதத்துக்குத்தான் ஒப்பந்தம். பன்னிரண்டாக்கினால் சட்டம் வேறு. மௌலி நாலு கோருக்கு மாறி இரண்டு பதினொரு மாதம் முடிந்திருந்தது. பெரியாஸ்பத்திரி நரம்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தார்: பாலத்தில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது, இப்போது நிறுத்தினால் ஆறு மாதத்தில் இரண்டு பாதியும் சேர்ந்துவிடும், இன்னொரு பதினொரு மாதம் போனால் எந்தக் காலத்திலும் சேராது. அந்த வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் புதுப்பிக்கிற நாள். அதைப் புதுப்பிக்காமல் தம்பியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும். தரணிதரனுக்கு அந்த வாரம் வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை.

ஆனால் மௌலி கேட்க வேண்டுமே.

"எதுக்குண்ணா நிக்கோணும்? நல்லாத்தான இருக்கறேன்," என்றான் புதன்கிழமை சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு. முகம் நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு வலப்பக்கம்தான் இருந்தது. இடப்பக்கத்து உதடு அசையவே இல்லை. "உள்ள ஒரு கணக்கு முடிஞ்சு அடுத்தது வர்றப்ப ஒரு சொகம் இருக்குது பாரு, அது உனக்குத் தெரியாது. வெளிய வந்தாத்தான் எல்லாம் மெதுவா நகர்றாப்பல இருக்குது."

"உன்ற கைய பாருடா மொதல்ல," என்றான் தரணிதரன்.

மௌலியின் இடக்கை சாருமதியின் பழைய துப்பட்டாவால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. சாப்பாட்டு வேளையில் அப்படிக் கட்டுவதுதான் இப்போது வழக்கம். கட்டாவிட்டால் வலக்கை சோற்றைப் பிசையும்போது இடக்கை தட்டைத் தள்ளிவிடும். வலக்கை சட்டைப் பொத்தானைப் போடப் போட இடக்கை பின்னாலேயே அவிழ்த்துக்கொண்டு வரும். சாருமதியின் சித்தப்பா மகள் கல்யாணத்தில் வலக்கை அட்சதையோடு காத்திருக்க, இடக்கை முந்திக்கொண்டு மணப்பெண் தலையில் அரிசியைப் போட்டுவிட்டது. பீச்சாங்கையால் ஆசீர்வாதம்! மண்டபமே முகத்தைச் சுளித்தது. ஒரு பெரியம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அந்தக் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். அன்றிலிருந்து வீட்டிலும் அதைத் தட்டத் தொடங்கினார்கள். அது நீட்டினால் தட்டுவது, தொட்டால் தட்டுவது, எதையாவது எடுத்தால் பிடுங்கிக்கொண்டு தட்டுவது. காலையில் கூடத்து வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது அந்தக் கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். "விடுடா, நேரமாச்சு," என்று மௌலியே சிரித்தபடி வலக்கையால் ஒவ்வொரு விரலாகப் பிரிப்பான். ஒருநாள் வேன்காரன் பொறுமையில்லாமல் கத்தவே, சாருமதி தோசைக் கரண்டியால் அந்த விரல்களில் அடித்துவிட்டாள். சூடான கரண்டி.

நரம்புக் கோளாறு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கோளாறான கையை யார் என்ன கேட்கப் போகிறார்கள்? அதிலும் பீச்சாங்கை.

சாப்பிட்டு முடித்ததும் சாருமதி துப்பட்டாவை அவிழ்த்தாள். அவிழ்த்த உடனே அந்தக் கை தட்டில் மிச்சமிருந்த ரசத்தில் விரலைத் தோய்த்து மேசை மேல் இழுக்கத் தொடங்கியது. "இதேதான் மாமா, தெனமும் இப்படித்தான் அசிங்கம் பண்ணும்," என்று அவள் துடைக்கும் துணியோடு வந்தாள். தரணிதரன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"இரு அம்மிணி."

அசிங்கம் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோலக் கோணல்மாணலாக எழுத்து. முதலில் ஒரு கொம்பு, அப்புறம் வ. அதற்கடுத்து மூன்று சுழி ண போட முயன்று ரசம் போதாமல் விரல் மறுபடியும் தட்டுக்குப் போனது. 'வேண்டா' என்று வந்தது. அதன் பிறகு ஒரு புள்ளி, எங்கேயோ தள்ளி.

தரணிதரன் சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்தான். பேங்க் மேனேஜருக்காக ஓரத்தில் எழுதிய அதே பென்சில். அதை அந்தக் கையில் கொடுத்து, பழைய பில் ஒன்றைப் புரட்டிப் போட்டான்.

"என்னடா வேண்டாம்?" என்று பழக்கத்தில் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான்.

"எனக்கு எல்லாம் வேணும்ணா. இன்னொரு அப்பளம் குடுக்கச் சொல்லு," என்றது முகம், சிரித்துக்கொண்டு.

கை எழுதியது: கூடம்.

சாருமதியின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. தரணிதரன் இந்த முறை முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக் கேட்டான். "நீ... நீ மௌலிதான?"

பென்சில் மெதுவாக எழுதியது: நானும்.

"என்ன கிறுக்குது அது? எனக்குத் தெரியாமயே என்னமோ பண்ணுதுண்ணா," என்றான் மௌலி.

சாருமதி அந்தக் கையைப் பிடித்து, விரல்களில் இருந்த தழும்பின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். "கரண்டீல அடிச்சனே மாமா! வருசக்கணக்கா இது வாய் பேச முடியாம சொல்லிட்டே இருந்திருக்குது. நான் கட்டி வெச்சுக் கட்டி வெச்சுச் சோறு போட்டிருக்கறேன்."

"எதுக்கு அழுகறே சாரு? நான் நல்லாத்தான இருக்கறேன்," என்றது அந்த வாய். இதைத்தான் இருபத்திரண்டு மாதமாக எல்லாரும் மௌலி என்று நம்பிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசுவது அது ஒன்றுதான் என்பதற்காக. வாயும் வலக்கையும் மூளையின் ஒரு பாதி வசம், இடக்கை மறு பாதி வசம். தரணிதரனுக்குத் தம்பியின் குரல் மேலேயே அருவருப்பு வந்தது. வந்ததற்காகத் தன் மேலும் வந்தது.

வெள்ளிக்கிழமை மூவரும் சரவணம்பட்டிக்குப் போனார்கள். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான பேர் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலை பார்த்த கண்ணாடிக் கட்டடம் அது. இப்போது கழுத்தில் எண் போட்ட துணி கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். பினாயில் வாடையும் புளித்த பால் வாடையும் கலந்து வாசலிலேயே மூக்கைப் பொத்த வைத்தது. ஆயா ஒருத்தி ஈரத்துண்டோடு வரிசையில் நடந்து ஒவ்வொரு வாயிலும் வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டு போனாள். எல்லா வாய்க்கும் அதே துண்டு. ரெண்டு கோர்க்காரர்கள் கண்ணை மூடித் தூங்குவதுபோலத் தெரிந்தார்கள். நாலு கோர் வரிசையில் எல்லாருக்கும் ஒரு கண் மூடியிருந்தது, ஒரு கண் திறந்திருந்தது. திறந்திருந்த கண்கள் சாருமதி நடக்க நடக்க அவள் பின்னாலேயே வந்தன. அவள் தரணிதரனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

தரணிதரன் இந்தச் சரக்கைத்தான் விற்கிறான். கூடத்துக்குள் அவன் வந்தது அதுதான் முதல் தடவை.

ஒப்பந்த அதிகாரி கிருபாகரன் நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். டீ வரவழைத்தார், மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பினார், சாருமதியை அம்மா என்று கூப்பிட்டார். காகிதத்தை மௌலி முன்னால் நகர்த்தி, "தொடர்றீங்க இல்லீங்களா?" என்று கேட்டார்.

"தொடர்றேனுங்க," என்றான் மௌலி. வலக்கை பேனாவை எடுத்தது. இடக்கை பாய்ந்து அதைப் பிடுங்கியது.

கிருபாகரன் கொஞ்சங்கூட ஆச்சரியப்படவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒட்டுப்பட்டை ஒன்றை எடுத்தார். "நாலு கோர் எல்லாத்துக்கும் இப்படித்தானுங்க. சித்த நேரம் நாற்காலிக் கையோட சேத்துப் போட்டுட்டா வேலை சுளுவா முடிஞ்சிரும்." பட்டையின் ஓரமெல்லாம் நைந்து நூல் நூலாகத் தொங்கியது. எத்தனை கைகள் அதில் இழுபட்டிருக்குமோ.

அவர் எழுந்து வருவதற்குள் வலக்கை இன்னொரு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டது. அழகான கையெழுத்து. மௌலி சிரித்தான்.

தரணிதரன் புதன்கிழமைக் காகிதத்தை மேசை மேல் வைத்தான். "சார், இதைப் படிங்க. இந்தக் கை எழுதினது. வேண்டாங்குது."

கிருபாகரன் படித்தார். "பீச்சாங்கையில எழுதினதை ஆபீஸ்ல எப்படீங்க எடுத்துக்கறது?"

அப்போதுதான் தரணிதரனுக்கு அந்த யோசனை வந்தது. இருபது வருஷம் கவுண்டரில் நின்றவனுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும். வாழ்க்கையில் தான் பேசியதிலேயே புத்திசாலித்தனமான பேச்சு என்று அந்த நிமிஷம் நினைத்தான்.

"சார், நான் உங்க சரக்கை விக்கறவன். ரெண்டு ஆளைக் காட்டி நாலு கோர்னு பில் போடச் சொல்றீங்க. ஒவ்வொரு கோருக்கும் தனி நம்பர், தனி கியாரண்டி. கேட்டா ஒவ்வொண்ணும் தனித்தனின்னு சொல்லச் சொல்றீங்க. தனித்தனின்னா கையெழுத்தும் தனித்தனியா வாங்கோணும் இல்லீங்களா? நாலு கோருக்கு நாலு கையெழுத்து. இந்தப் பக்கம் போடல. இது போடாம நீங்க இதை வேலை வாங்கினா நான் கோர்ட்டுக்குப் போறேன். என்ற கடை பில்லையெல்லாம் கொண்டுபோய்க் காட்டறேன்."

கிருபாகரன் முதல் தடவையாக முகம் மாறினார். "ஒரு நிமிசம் இருங்க," என்று காகிதத்தோடு உள்ளே போனார். அரைமணி நேரம் ஆயிற்று. சாருமதி இடக்கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். அது அவள் விரலை இறுக்கிப் பிடித்திருந்தது. ஜெயித்துவிட்டோம் அம்மிணி என்று சொல்ல வாயெடுத்து, கண் பட்டுவிடும் என்று சொல்லாமல் இருந்தான் தரணிதரன்.

கிருபாகரன் திரும்பி வந்தபோது பழைய புன்னகை வந்திருந்தது. கையில் ஒரு காகிதத்துக்குப் பதில் இரண்டு.

"நீங்க சொன்னது நியாயந்தானுங்க. சட்டப்பிரிவுல கேட்டுட்டேன், ஒத்துக்கிட்டாங்க. ஒவ்வொரு கோரும் தனி நபர். கோர் மூணு கையெழுத்துப் போட்டிருக்கு, அது தொடருது. கோர் நாலு வேண்டாங்குது, அதை இன்னைக்கே விடுவிச்சர்றோம். கூட்டிட்டுப் போலாமுங்க."

தரணிதரனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எதைக் கூட்டிட்டு?"

"உங்க தம்பிய. உடம்பு உங்க கூட வந்துரும். இந்தப் பக்கம் முழுக்க உங்களுது." கிருபாகரன் மௌலியின் இடத்தோளை மெல்லத் தொட்டார். "அந்தப் பக்கம் தொடர்றவருக்குக் காதுக்குப் பொறத்தால சின்னதா ஒரு பொத்தான் வெச்சிருவோம். ஊட்ல இருந்தே வேலை செய்வாரு. வந்து போற நேரமெல்லாம் மிச்சம் பாருங்க, அதனால முழுநேரம்."

"பாலம்? பாலத்தைத் தொறந்து உடுங்க சார். ஆறு மாசத்துல சேந்துரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அதெப்படீங்க முடியும்? தொறந்தா விட்டுட்டுப் போனவரு வேலையில இருக்கறவரோட கலந்துருவாரு. ஒப்பந்தத்துக்கு இடைஞ்சல். அதனால நிரந்தரமா மூடித்தான் அனுப்போணும். அதுவும் சட்டந்தான்."

"சார், இது ஒரே ஆளுங்க!" என்று கத்தினான் தரணிதரன். "என்ற தம்பி! எனக்கு இருக்கறதே ஒரே தம்பி!"

"இப்பத்தானுங்க நீங்களே தனித்தனின்னீங்க," என்றார் கிருபாகரன். உண்மையிலேயே புரியாதவர்போல வருத்தத்தோடு சொன்னார். அந்த வருத்தத்தைப் பார்த்ததும் தரணிதரனுக்கு அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல வந்தது. அவர் சொன்னதில் பிசகில்லை, சொல்லிக்கொடுத்தது இவன்தான். அதனால் எச்சிலை விழுங்கினான்.

அதன் பிறகு என்னென்னவோ கெஞ்சினான். ஒப்பந்தமே இருக்கட்டும், பழையபடி காலையில் வந்து சாயங்காலம் போகட்டும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். சாருமதி அந்த ஆளின் காலில் விழப் போனாள். கிருபாகரன் பதறி விலகி, "அய்யோ, எந்திரிங்கம்மா, காயிதம் பதிவாயிருச்சு," என்றார். இரண்டு பேர் சக்கர நாற்காலியோடு வந்தார்கள். மௌலி தானே எழுந்து அதில் உட்கார்ந்தான். வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தான்.

"நான் வேலைக்குப் போறேண்ணா," என்றான். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்ததுபோலத் தன் இடக்கையைக் குனிந்து பார்த்து, "இதைப் பாத்துக்கங்க," என்றான்.

மௌலி பேசிய கடைசி வார்த்தை அதுதான். பேச்சு இருக்கிற பாதி இப்போது முழுநேர வேலையில் இருக்கிறது. யாருடைய கல்யாண ஆல்பத்தையோ, எந்த ஊர்ப் பிள்ளையின் விளையாட்டையோ ஓட்டிக்கொண்டிருக்கிறது. காதுக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்புக் கருவி, தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுடும். வலக்கை மடியில் கிடந்து விரல்களை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். வலக்காலும் வராததால் இழுத்து இழுத்து நடக்கிறான். எச்சில் வழியும். சாருமதி தனித்துண்டு வைத்திருக்கிறாள்.

மிச்சமிருக்கிற மௌலி இடக்கையால் சாப்பிடுகிறான். முதல் நாள் தட்டை முன்னால் வைத்ததும் அந்தக் கை மேசை விளிம்பிலேயே நின்றது. நீட்டலாமா என்று பயந்துகொண்டு சாருமதியைப் பார்த்தது ஒரு கண். அவள் அந்தக் கையை எடுத்துச் சோற்றில் வைத்தாள். சொந்தக்காரர்கள் வந்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

தரணிதரன் வேலையை விடவில்லை. விட்டிருக்க வேண்டும். விட்டுவிடுவதாக ஒவ்வொரு காலையும் செருப்பு மாட்டும்போது நினைப்பான், கடைக்கே போய் நிற்பான். அவனுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான் என்று சாருமதியிடம் சொன்னான்.

ஒன்றரை மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து புதுச் சரக்கு வந்தது. பெட்டி மேல் பச்சை நிறத்தில் பெரிதாக மூன்று என்று போட்டிருந்தது. ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவில், நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற விலையில் என்று விளம்பரம். கோவையில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் வந்திருந்தது. பீச்சாங்கைகள் பேச ஆரம்பித்திருக்கின்றன போலும். கம்பெனிக்காரன் அதையும் வீணாக்கவில்லை.

மறுநாள் பீளமேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். ட்யூஷன் எடுக்கிறவள், மலர்ந்த முகம், நாலு கடை ஏறி இறங்கி விசாரித்துவிட்டு வந்தவள். பச்சைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டா நாலான்னு மண்டைய ஒடச்சிட்டு வந்தேன். மூணுன்னு ஒண்ணு வெச்சிருக்கீங்களே! இது எப்படீங்க?"

"நாலுதானுங்க. ஒண்ணு மட்டும் ஓடாது. மத்த மூணும் நல்லா ஓடும்," என்றான் தரணிதரன். பயிற்சி வகுப்பில் இதற்கு இன்னும் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஒண்ணு கொறையுதுன்னா வெலையிலயும் பாத்துக் கொறைச்சுப் போடுங்க." அவள் கைப்பையைத் திறந்துகொண்டே கேட்டாள். "ஆமா, அந்த நாலாவது எங்கீங்க போச்சு?"

"எங்க ஊட்லதான் இருக்குதுங்க," என்றான் தரணிதரன். "இந்நேரம் சோறு திங்கும்."